மாதுளம்பழச் சுருக்குப்பை: பெர்செபொனி கதையிலிருந்து ஒரு நிட்டிங் பை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மாதுளம்பழ வடிவில் ஒரு சின்னக் கைப்பை. வாயைச் சுருக்குப்பை போல இழுத்து மூடலாம். மூடினால் மேலே ஆறு இதழ்கள் பழத்தின் கிரீடமாக விரியும். திறந்தால் சிவப்பு லைனிங்கும் அதில் தைத்த மணிகளும் தெரியும். கிரேக்கப் புராணத்தில் வரும் பெர்செபொனிதான் இதன் நாயகி. நிட்டிங்கில் நிட், பர்ல் இரண்டும் தெரிந்து, வட்டமாகப் பின்னுவதில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும். பை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். முழுச் செய்முறையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பெர்செபொனி கதை தெரியாது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

தானியங்களின் தெய்வம் தெமெத்தர். அவள் மகள் பெர்செபொனி. புல்வெளியில் பூப்பறிக்கும்போது ஒரு நார்சிசஸ் பூவை எட்டிப் பறிக்கிறாள். தரை பிளக்கிறது. பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் தேரில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தாய் ஊர் ஊராகத் தேடுகிறாள். கிழவி வேடத்தில் ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள எலூசிஸ் ஊருக்கு வந்து, ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதியாகக்கூட இருக்கிறாள். கோபத்தில் விளைச்சலையே நிறுத்திவிடுகிறாள். விதைத்தது முளைக்கவில்லை, மனிதர்கள் பட்டினி, தேவர்களுக்குப் படையலும் இல்லை. வேறு வழியின்றித் தேவர்களின் அரசன் ஜீயஸ், பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஹெர்மஸைத் தூது விடுகிறான்.

ஹேடிஸ் சரி என்கிறான். ஆனால் கிளம்பும் நேரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு மாதுளை முத்தை அவளுக்குக் கொடுத்துச் சாப்பிட வைக்கிறான். பாதாளத்து உணவைச் சாப்பிட்டவர் பாதாளத்தைவிட்டு முழுசாக வெளியேற முடியாது. அதனால் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கே, மீதி அம்மாவிடம். மகள் வரும்போது பூமி பூக்கிறது. கதையின் பழைய எழுத்து வடிவம் தெமெத்தர் மீதான ஹோமரியத் துதிப்பாடலில் (ஹோமர் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கப் பாடல்) இருக்கிறது. அது கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

புராணம் என்கிறீர்கள், ஆனால் பையில் அதீனா தெய்வத்தின் ஆந்தை இல்லை, பாம்புக் கூந்தல் அரக்கி மெதூசாவின் தலை இல்லை, சதுரச் சதுரமாகப் போகும் கிரேக்கக் கரைகூட இல்லையே?

வேண்டுமென்றே விட்டதுதான். கரை வைத்தால் கிரேக்கம் என்று உடனே தெரியும். ஆனால் அது எந்தப் பையிலும் ஒட்டும், எந்தக் கதையையும் சொல்லாது. மேலே சொன்ன கதையில் எல்லாவற்றையும் மாற்றும் விஷயம், பழத்துக்குள் இருந்து ஒளித்துக் கொடுத்த ஒரு முத்து. பையும் அப்படியே இருக்க வேண்டும்: வெளியே வெறும் தோல், இழுத்து மூடிய வாய், முத்து உள்ளே. வெளியே மணி தைத்தால் பை அழகாக இருக்கும், கதை போய்விடும்.

அப்படியும் வெளியே ஏதாவது தெரியத்தான் வேண்டும் என்றால், ஒரு பக்கம் வெடித்த விரிசல் காட்டலாம். பின்னி முடித்த நிட் கண்ணிகளின் மேலேயே, ஊசியில் கோத்த சிவப்பு நூலை அதே வழியில் ஓட்டினால் போதும். கண்ணிக்கு மேல் கண்ணியாக உட்காரும். நீளவாக்கில் நடுவில் நான்கு கண்ணி அகலமாக, இரு முனையிலும் ஒரு கண்ணியாகக் குறுக்கிக்கொண்டு போங்கள். எனக்கு இது பிடிக்காது. கேட்டவர்கள் நிறையப் பேர் என்பதால் சொல்கிறேன்.

கிரேக்கக் கதைகளிலேயே பை வருமா? அதைப் பின்னலாமே?

வரும், அதுவும் நல்ல பைகள். ஹோமரின் ஒடிசி காவியத்தின் 10ஆம் பகுதியில் காற்றுகளின் காவலன் ஐயோலஸ், எதிர்க்காற்றையெல்லாம் மாட்டுத்தோல் பையில் அடைத்து, வெள்ளிக் கயிற்றால் வாயைக் கட்டி, கடல்வழி ஊர் திரும்பும் காவிய நாயகன் ஒடிசியஸிடம் கொடுக்கிறான். சொந்த ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரம் வந்ததும் ஒடிசியஸ் அசந்து தூங்கிவிடுகிறான். உள்ளே தங்கமும் வெள்ளியும் இருக்கும் என்று நினைத்துக் கூட வந்தவர்கள் கயிற்றை அவிழ்க்கிறார்கள். அடைபட்ட காற்றெல்லாம் வெளியே வந்து கப்பலை மறுபடி கிளம்பிய இடத்துக்கே தள்ளிவிடுகிறது. இன்னொன்று, மெதூசாவைக் கொன்ற வீரன் பெர்சியஸின் பை, பெயர் கிபிசிஸ். வெட்டிய மெதூசாவின் தலையை அதில் போட்டுத்தான் எடுத்துவருகிறான்.

ஐயோலஸ் பையைப் பின்னுவது சுலபம். இதே செய்முறையைச் சாம்பல் நிற நூலில் செய்து, கிரீடத்தை விட்டுவிட்டு, வெள்ளி ஜரிகைக் கயிறு போட்டால் முடிந்தது. கிபிசிஸ் எப்படி இருந்தது என்பதற்குக் குறிப்பாக ஒரு வடிவம் இல்லை, எந்தத் தோள்பையையும் அதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். மாதுளையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் வடிவம். வட்டமாகப் பின்னும்போது கூட்டிக் குறைத்தாலே பழம் தானாக வந்துவிடுகிறது.

பழம் மாதிரிப் பை பின்னுவது உங்கள் யோசனையா?

இல்லை. 1800களின் தொடக்கத்தில் பிரான்சில் பட்டு நூலில் பின்னிய அன்னாசிப்பழப் பை ஒன்று ஜப்பானின் கியோட்டோ காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. மேலே பச்சை இலைகள், பழத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மணி. அந்தக் காலத்து மெல்லிய கவுன்களில் பாக்கெட் வைக்க முடியாமல் போனதால்தான் பெண்கள் இப்படிச் சின்னச் சுருக்குப்பைகளைக் கையில் மாட்டிக்கொண்டார்கள். நம் பைக்கு அதுதான் பாட்டி.

பழங்காலக் கிரேக்கர்கள் நிட்டிங் செய்தார்களா?

செய்யவில்லை. அவர்களுடையது நூற்பும் நெசவும். புராணத்து நெசவுக்காரி அராக்னி அதீனாவோடு போட்டி போட்டது தறியில். ஒடிசியஸின் மனைவி பெனெலொபி பகலில் நெய்து ராத்திரியில் பிரித்ததும் தறியில்தான் (பிரிப்பதில் மட்டும் அவள் நம் இனம்). இரண்டு ஊசியில் பின்னிய மிகப் பழைய துணிகள் எகிப்தில் கிடைத்தவை. நீலமும் வெள்ளையுமாகப் பருத்தியில் பின்னிய காலுறைகள், சுமார் 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை. அதைவிடப் பழைய எகிப்தியக் காலுறைகளும் உண்டு, ஆனால் அவை கண் உள்ள ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகச் செய்தவை. ஆகவே இந்தப் பையைப் பழங்காலப் பொருள் என்று யாரிடமும் சொல்லி விற்காதீர்கள்.

எந்த நூல் வாங்குவது? வீட்டில் உல்லன் நூல் நிறையக் கிடக்கிறது.

கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் தருவது அக்ரிலிக். பழகிப் பார்க்க அது போதும். கைப்பைக்கு என்றால் பருத்தி நூல்தான் என் கட்சி. அக்ரிலிக் இழுக்க இழுக்கத் தொங்கும், சீக்கிரம் பிசிறு திரளும். சென்னை, மதுரை வெயிலில் கம்பளியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியவும் முடியாது.

டிகே தடிமன் என்று லேபிளில் போட்டிருக்கும் பருத்தி நூல், 50 கிராம் பந்து இரண்டு. ஒரு பந்தில் 100 மீட்டருக்குச் சற்று மேல் வரும். பை, கயிறு, வார் எல்லாம் சேர்த்து ஒரே பந்தில் முடிந்துவிடுவது போலத் தெரியும், ஆனால் வார் பாதியில் நிற்கும்போது கடையில் அதே சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்) கிடைக்காது. லேபிளில் உள்ள சாயத் தொகுதி எண் இரண்டு பந்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

நிறம்: பளிச்சென்ற சிவப்பு வேண்டாம். பழுத்த மாதுளையின் தோலை ஒரு முறை கையில் வைத்துப் பாருங்கள். செங்கல் நிறம், இளஞ்சிவப்பு, காம்புப் பக்கம் கொஞ்சம் மஞ்சள். மெதுவாக நிறம் மாறும் நூல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மங்கலான செம்மண் நிறம். பளிச்சென்ற சிவப்பு உள்ளே இருக்கட்டும்.

ஊசி?

3.25 மி.மீ. இங்கே பல கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் ஊசி விற்கும், அதில் இது 10ஆம் எண். அந்தக் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு நேர் எதிர், அங்கே 10 என்றால் 6 மி.மீ., ஏறக்குறையப் பென்சில் தடிமன். ஆன்லைனில் வாங்கும்போது மி.மீ. பார்த்து வாங்குங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள்.

நூல் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும், அது ஸ்வெட்டருக்கு. பைக்கு இறுக்கமான பின்னல் வேண்டும் என்பதால் ஒல்லி ஊசி. இரு முனையும் கூரான ஊசிகள் ஐந்து கொண்ட செட் ஒன்று, அல்லது 80 செ.மீ. வயருள்ள சர்குலர் ஊசி. சர்குலர் வைத்திருந்தாலும் கயிறு பின்ன இருமுனை ஊசி இரண்டு தேவைப்படும்.

மாதிரித் துண்டு பின்னித்தான் ஆக வேண்டுமா?

பின்னினால் நல்லது. கணக்கு: 10 செ.மீ. அகலத்தில் 24 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 32 சுற்று. உங்கள் துண்டில் 22 கண்ணிதான் வந்தால் பின்னல் தளர்வு என்று அர்த்தம், ஒரு எண் ஒல்லியான ஊசிக்கு மாறுங்கள். பையின் அளவு முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. பின்னல் தளர்ந்தால்தான் சாவி நுனி வெளியே எட்டிப் பார்க்கும்.

சரி, செய்முறை?

முதலில் இரண்டு வார்த்தை. "கூட்டல்" என்றால் ஒரு கண்ணியை முன்பக்கம் நிட் செய்து, அதை இடது ஊசியிலிருந்து இறக்காமல், அதே கண்ணியைப் பின்பக்கமாகவும் நிட் செய்து பிறகு இறக்குவது. ஒன்று இரண்டாகும். "குறைத்தல்" என்றால் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக நிட் செய்வது.

காம்பு. இருமுனை ஊசியில் 6 கண்ணி ஏற்றி நிட் செய்யுங்கள். திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, பின்னால் கிடக்கும் நூலை இறுக்கமாக இழுத்து மறுபடி நிட். இப்படி 3 வரிசை. சின்னக் குழாய் ஒன்று உருவாகும், அதுதான் காம்பு.

அடிப்பாகம். இதே முறையில் அடுத்த வரிசையில் ஆறு கண்ணியிலும் கூட்டல், 12 ஆகும். இப்போது மூன்று ஊசியில் நான்கு நான்காகப் பிரித்து வட்டமாகப் பின்னத் தொடங்குங்கள். சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு வேறு நிற நூல்துண்டைக் கட்டிவையுங்கள். அடுத்த சுற்று: 1 நிட், 1 கூட்டல், இதையே ஆறு முறை, 18. அடுத்தது: 2 நிட், 1 கூட்டல், ஆறு முறை, 24. இதற்குப் பிறகு ஒரு சுற்று வெறும் நிட், அடுத்த சுற்று கூட்டல் என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒவ்வொரு கூட்டல் சுற்றிலும் நடுவிலுள்ள நிட் எண்ணிக்கை ஒன்று கூடும்: 3 நிட் 1 கூட்டல், 4 நிட் 1 கூட்டல் என்று 10 நிட் 1 கூட்டல் வரை. ஊசியில் 72 கண்ணி இருக்க வேண்டும். கூட்டிய இடமெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து, அடியிலிருந்து மேலே ஆறு கோடுகள் ஓடும். கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு கூட்டலிலும் சின்ன மேடு ஒன்று தெரியும். அது தப்பில்லை. மாதுளை சுத்தமான உருண்டை அல்ல, லேசாகக் கோணம் கோணமாகத்தான் இருக்கும், அந்தக் கோடுகள் அதைக் கொண்டுவந்துவிடுகின்றன.

வயிறு. 28 சுற்று வெறும் நிட். டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம்.

தோள். 10 நிட், 1 குறைத்தல், ஆறு முறை, 66. இரண்டு சுற்று வெறும் நிட். 9 நிட், 1 குறைத்தல், 60. இரண்டு சுற்று நிட். 8 நிட், 1 குறைத்தல், 54. இரண்டு சுற்று. 7 நிட், 1 குறைத்தல், 48. இரண்டு சுற்று.

கயிறு ஓட்டைகள். இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக நிட், நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிப் போடுங்கள், 2 நிட். இதையே 12 முறை. அடுத்த சுற்றில் அந்தச் சுற்றிய நூலையும் ஒரு கண்ணியாகவே நிட் செய்தால் 12 ஓட்டைகள் விழும், எண்ணிக்கை 48 மாறாது. இன்னும் ஒரு சுற்று நிட்.

கிரீடம். 7 நிட், 1 கூட்டல், ஆறு முறை, 54. அப்புறம் ஒரு சுற்று பர்ல், ஒரு சுற்று நிட் என்று மாற்றி 6 சுற்று. முழுக்க நிட் சுற்றாகவே போனால் மேல் விளிம்பு வெளிப்பக்கம் சுருண்டுகொள்ளும், அதைத் தடுக்கத்தான் இந்த பர்ல். இப்போது 9 கண்ணியை மட்டும் தனியாக எடுத்து, மற்றவற்றை ஒரு நூலில் கோத்து நிறுத்துங்கள். அந்த 9 கண்ணியைத் திருப்பித் திருப்பிப் பின்ன வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முழுக்க நிட், தொடக்கத்தில் மட்டும் ஒரு குறைத்தல். எட்டு வரிசையில் ஒரு கண்ணி மிஞ்சும். நூலை வெட்டி அதன் வழியே இழுத்துவிடுங்கள். இதே மாதிரி மீதி ஐந்து இதழ்கள். ஆறு இடத்தில் நூல் முனை தொங்கும், எல்லாவற்றையும் ஊசியால் உள்பக்கம் ஓட்டி மறைக்க வேண்டும். இந்தப் பையில் சலிப்பான வேலை இது ஒன்றுதான்.

பை தட்டையாக வைத்தால் சுமார் 15 செ.மீ. அகலம், ஓட்டை வரை 18 செ.மீ. உயரம். வாய் தட்டையாக 10 செ.மீ., சாதாரண போன் தாராளமாக நுழையும். போன் பெரியது என்றால் வயிற்றில் ஆறு சுற்று கூட்டுங்கள், ஏறக்குறைய 2 செ.மீ. கிடைக்கும். லைனிங்கையும் அதே அளவு நீட்ட மறக்காதீர்கள்.

ஆரம்பத்தில் மூன்று ஊசியும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று சறுக்குகிறது. என்ன செய்ய?

12 கண்ணியில் எல்லோருக்கும் அப்படித்தான். காம்பைக் குழாயாகத் தொடங்கச் சொன்னதே இதற்காக. கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருக்கிறது, சுற்று முறுக்கிக்கொள்ளும் பயமும் இல்லை. இன்னும் ஒரு உபாயம்: உலோக ஊசியை விட்டு மூங்கில் ஊசிக்கு மாறுங்கள். பருத்தி நூல் உலோகத்தில் வழுக்கும், மூங்கிலில் பிடித்துக்கொள்ளும். 24 கண்ணி தாண்டினால் தானாக அடங்கிவிடும்.

ஊசியும் ஊசியும் சந்திக்கும் இடத்தில் ஏணி மாதிரி இடைவெளி தெரிகிறது.

புது ஊசிக்கு மாறும்போது முதல் கண்ணியை எல்லோரும் இறுக்குவார்கள். உண்மையில் இறுக்க வேண்டியது இரண்டாவது கண்ணியை. அதைப் போட்டபின் நூலை ஒரு இழு இழுத்தால் முதல் கண்ணியும் சேர்ந்து உட்காரும். அப்படியும் தெரிந்தால், ஒவ்வொரு சில சுற்றுக்கும் ஓரிரு கண்ணியைப் பக்கத்து ஊசிக்கு நகர்த்திவிடுங்கள். சந்திப்பு ஒரே நேர்கோட்டில் வராது.

மணி எத்தனை வைக்க வேண்டும்? ஆறுதானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஆறு முத்து என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய நூல்களில் வேறு. ஹோமரியத் துதியில் ஒரே ஒரு முத்து. ரோமானியக் கவிஞர் ஓவிட் இரண்டு இடத்தில் இந்தக் கதையைச் சொல்கிறார், இரண்டிலும் எண்ணிக்கை வேறு: "மெட்டமார்ஃபசஸ்" நூலில் ஏழு, "ஃபாஸ்டி"யில் மூன்று. ஓவிடின் ஏழில் யாரும் ஊட்டிவிடுவதில்லை. தோட்டத்தில் தானே பழத்தைப் பறித்துச் சாப்பிடுகிறாள், அஸ்கலஃபஸ் என்பவன் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறான், அதற்குத் தண்டனையாக ஆந்தையாகிவிடுகிறான். வருஷத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பதும் ஓவிட்தான்.

ஆக எந்தக் கதையைப் பின்னுகிறீர்களோ அந்த எண். என் பையில் ஒன்று. லைனிங்கின் உள்வாயில், கையை விட்டால் விரலில் தட்டுப்படும் இடத்தில் ஒரு பெரிய மணி. பார்க்கக் கொஞ்சம் ஏழ்மையாகத்தான் இருக்கும், ஆனால் திருட்டுத்தனமாகக் கொடுத்த முத்து ஒன்றாக இருக்கும்போதுதான் அழுத்தம். நிறைய வேண்டும் என்பவர்கள் ஏழு வையுங்கள். ஆந்தை பிரியர்களுக்கும் அந்தக் கதைதான் தோது, கயிற்று நுனியில் ஆந்தை டாலர் ஒன்று தொங்கவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

மணிக்கு ஆரி வொர்க் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். ஒளி ஊடுருவும் சிவப்புக் கண்ணாடி மணி, சொட்டு வடிவம் கிடைத்தால் அதுவே முத்துப் போல இருக்கும். பிளாஸ்டிக் வேண்டாம், கொஞ்ச நாளில் சாயம் உரிந்து வெள்ளையாகிவிடும்.

லைனிங் இல்லாமல் விடலாமா?

கூடாது. நிட்டிங் நீளும். லைனிங் இல்லாவிட்டால் போனும் சில்லறையும் சேர்ந்து பையை மாதுளையிலிருந்து புடலங்காய் ஆக்கிவிடும்.

துணிக்கு மேட்சிங் பிளவுஸ் கடைதான் சரியான இடம். நூல் பந்தைக் கையோடு கொண்டுபோய், அதைவிட நாலு ஷேட் அடர்த்தியான சிவப்பில் டூ பை டூ ரூபியா கேளுங்கள். அரை மீட்டர் வாங்கினாலே மிச்சம் இருக்கும். 17 செ.மீ. அகலம், 19.5 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு வெட்டி, கீழ் மூலை இரண்டையும் வளைத்துவிடுங்கள். ஓரம் 1 செ.மீ. விட்டு மூன்று பக்கம் தையல். மேல் விளிம்பை 1.5 செ.மீ. மடித்துத் தையுங்கள். தைத்து முடித்தபின் லைனிங்கின் ஆழம் பையைவிட ஒரு செ.மீ. குறைவாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும். சாமானின் கனம் துணியில் நிற்கும், பின்னலில் ஏறாது.

மணியை லைனிங்கில் முதலிலேயே தைத்துவிடுங்கள். பைக்குள் பொருத்தியபின் ஊசி போகாது. அப்புறம் லைனிங்கின் வாயைச் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருக்கிப் பையின் கழுத்து அளவுக்குக் கொண்டுவந்து, கயிறு ஓட்டைக்கு 1 செ.மீ. கீழே கைத்தையல் போடுங்கள். ஓட்டை மேல் துணி ஏறினால் கயிறு ஓடாது.

கயிறும் வாரும் எப்படி?

காம்பு செய்த அதே முறை, 3 கண்ணியில். ஆங்கிலத்தில் இதை ஐ-கார்டு என்பார்கள். அமெரிக்காவில் நிட்டிங்கை வளர்த்த எலிசபெத் ஜிம்மர்மேன் வைத்த பெயர், முழுசாகச் சொன்னால் "இடியட் கார்டு". அவ்வளவு சுலபம் என்று அர்த்தம். 60 செ.மீ. நீளத்தில் இரண்டு கயிறு. ஒன்றை இடப்பக்க ஓட்டையில் நுழைத்து முழு வட்டம் ஓட்டி இடப்பக்கமே எடுங்கள், மற்றதை வலப்பக்கம் தொடங்கி வலப்பக்கமே. இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் இறுக மூடும்.

தோளில் மாட்டும் வாருக்கு 4 கண்ணி, 110 செ.மீ. இது மட்டும் தனியாக விட்டால் நாளாக நாளாக முழங்கால் வரை தொங்கும். பாவாடை நாடா ஒன்றை ஊக்கில் மாட்டி வாரின் குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள், நீளாது. வாரின் இரு முனையையும் பையோடும் லைனிங்கோடும் சேர்த்து நன்றாகத் தைக்க வேண்டும்.

நிட்டிங் தெரியாது, குரோஷே மட்டும்தான். முடியுமா?

முடியும், வடிவக் கணக்கு மாறும். சிங்கிள் குரோஷேயில் ஆறில் தொடங்கி சுற்றுக்கு ஆறு கூட்டினால் அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டையாக வரும், அதனால் ஒவ்வொரு சுற்றும் கூட்டாமல் சில சுற்றுகளை இடையிடையே சும்மா விடுங்கள். குரோஷே பின்னல் தானாகவே விறைப்பாக இருக்கும், கிரீடம் இன்னும் நன்றாக நிற்கும். ஆனால் கழுத்து மென்மையாகச் சுருங்காது. சுருங்கி மூடும் அழகுக்கு நிட்டிங்தான்.

மரத்தில் மாதுளையின் கிரீடம் கீழே பார்த்துத்தானே தொங்கும்? உங்கள் பை தலைகீழாக இருக்கிறதே?

சரியாகப் பிடித்தீர்கள். பறித்து மேஜையில் வைத்த பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரீடத்தைக் கீழே வைத்தால் சில்லறை எல்லாம் தெருவில்.

கல்யாணப் பரிசாகக் கொடுக்கலாமா? பாதாளம், கடத்தல் என்று கதை ஒரு மாதிரி இருக்கிறதே.

பழத்துக்கு அந்த ஒரு முகம் மட்டும் இல்லை. ஆர்கோஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள கோயிலில் திருமணத்தின் தெய்வமான ஹெராவின் சிலை ஒரு கையில் மாதுளை வைத்திருந்ததாக, 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ப் பார்த்த பௌசானியஸ் எழுதியிருக்கிறார். இன்றும் கிரேக்கத்தில் புத்தாண்டன்று வாசலில் மாதுளையை ஓங்கி அடித்து உடைப்பார்கள், முத்து எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு அதிர்ஷ்டம். இறந்தவர்கள் நினைவாகச் செய்யும் கொல்லிவா என்ற வேகவைத்த கோதுமையிலும் மாதுளை முத்து போடுவார்கள். இரண்டுக்கும் ஒரே பழம்தான்.

கொடுங்கள். ஆனால் பெர்செபொனி கதையை அட்டையில் எழுதி உள்ளே வைக்காதீர்கள். அம்மாவை விட்டுப் போகும் மணப்பெண்ணுக்கு அது வேண்டாத வேலை. ஹெரா பெயரைச் சொல்லி, லைனிங் முழுக்க மணி தைத்துக் கொடுங்கள்.

சிவப்பு நூல் சாயம் போகுமா?

போகலாம். பின்னுவதற்கு முன்பே ஒரு முழ நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் மடித்து அழுத்திப் பாருங்கள். கறை பிடித்தால் நூலைச் சிட்டமாகச் சுற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிக் காயவைத்துப் பின்னத் தொடங்குங்கள். வினிகர் போட்டால் நிற்கும் என்று சொல்வார்கள். அது கம்பளி, பட்டுக்கான அமிலச் சாயத்துக்கு உதவும், பருத்திச் சாயத்துக்குப் பயனில்லை. லைனிங் துணியையும் தைக்கும் முன் ஒரு முறை நனைத்துவிடுங்கள், சாயமும் சுருக்கமும் அப்போதே தெரிந்துவிடும்.

முடித்த பையைக் கையால் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். உள்ளே ஒரு சின்ன பலூனை ஊதி வைத்து நிழலில் காயப்போட்டால் வயிறு உருண்டையாக நிற்கும். கொடியில் தொங்கவிடக் கூடாது.

பின்னி விற்கலாமா?

தாராளமாக. பெர்செபொனி யாருக்கும் சொந்தமில்லை, இந்தச் செய்முறையில் பின்னிய பையை விற்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. செய்முறையை அப்படியே எடுத்து உங்கள் பெயரில் விற்பது மட்டும் வேண்டாம். விலை வைக்கும்போது நூல் விலையோடு நிறுத்திவிடாமல் கைநேரத்தையும் கணக்கில் சேருங்கள். அந்த ஆறு இதழ்களின் நூல் முனையை மறைப்பதற்கே தனியாகக் காசு கேட்கலாம்.